திறன் வேலை அனுபவம் இல்லாமல் பி.ஆர். (வெளிநாட்டில் நிரந்தர வசிப்புரிமை) – நிஜமாவே யாராவது வாங்கியிருக்கீங்களா?

தாராபுரத்தான்
எல்லாருக்கும் வணக்கம். வயசு 26, கல்யாணம் ஆகலை. பி.காம். முடிச்சதும் சித்தப்பாவோட ஹார்டுவேர் கடையில மூணு வருசம் கல்லாவில உக்காந்தேன். சம்பளம்னு எதுவும் கிடையாது. தீபாவளிக்குத் துணி, கேட்டா கைச்செலவுக்குக் காசு. இப்ப 14 மாசமா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில டைம் ஆபீஸ்ல இருக்கேன்.

போன வாரம் ஒரு ஏஜென்சிக்குப் போனேன். என் பயோடேட்டாவைப் பார்த்த ஆள், சிவப்புப் பேனாவுல ‘ஸ்கில்டு எக்ஸ்பீரியன்ஸ் – 0’னு எழுதி ரெண்டு வட்டம் போட்டாருங்க. அப்புறம் மூணு வழி சொன்னார். மூணு லட்சத்துக்கு அனுபவச் சான்றிதழ் ‘ரெடி’ பண்ணிக்கலாம். இல்லைன்னா 25 லட்சத்துக்குக் கனடா எல்.எம்.ஐ.ஏ. வேலை (வெளிநாட்டு ஆளை எடுக்க அங்கத்த முதலாளி வாங்கற அனுமதியாம்). அதுவும் வேண்டாம்னா படிக்கப் போகலாம். அப்பா ரெண்டு ஏக்கர் தோட்டத்தை வித்துடலாம்ங்கறார். கிணத்துல தண்ணி இருக்கற தோட்டமுங்க அது.

உண்மையிலேயே வழி இருக்கா, இல்ல மனசைத் தேத்திக்கலாமா?

கணக்குப்பிள்ளை
தம்பி, தோட்டத்தை விக்கிற பேச்சை முதல்ல நிறுத்துங்க. நான் கன்சல்டன்ட் இல்லை. என்னுடையது, தங்கச்சியுடையது, மச்சானுடையதுன்னு மூணு ஃபைல் கையால போட்டவன், அவ்வளவுதான்.

கனடாக்காரன் எல்லா வேலையையும் என்.ஓ.சி.ன்னு ஒரு பட்டியல்ல வச்சிருக்கான். 2022 நவம்பர்லேர்ந்து அதுல டீர் 0 முதல் 5 வரை ஆறு படி. 0, 1, 2, 3 திறன் வேலை. 4, 5 இல்லை. ஏ.சி. ரூமா, வெயிலாங்கிறது கணக்கே இல்லை. ஓட்டல் சமையல்காரர் டீர் 3, திறன் வேலை. துணிக்கடையில சேலை எடுத்துப் போடுற பையன் டீர் 4, திறன் வேலை இல்லை. அதே கடையில அந்தப் பையன்களை மேய்க்கிற சூப்பர்வைசர் டீர் 2. விசிட்டிங் கார்டுல இருக்கிற பதவிப் பெயரை யாரும் பார்க்கிறதில்லை. அன்றாடம் கையால என்ன செஞ்சீங்க, அதுக்குச் சம்பளம் வாங்கினீங்களா, இதுதான் கேள்வி. அதனால சித்தப்பா கடை மூணு வருசமும் கணக்குல சேராது. வருத்தமா இருக்கும், ஆனா சேராது.

சரி, டைம் ஆபீஸ்ல காலையிலேர்ந்து சாயங்காலம் வரை என்ன செய்றீங்க? பஞ்சிங் மெஷின் பக்கத்துல நிக்கிறது மட்டும்தானா? விவரமா எழுதுங்க.

அந்த ஏஜென்சி சொன்ன முதல் வழியில போனா, கனடா குடிவரவுச் சட்டத்தின் 40ஆவது பிரிவு பாயும். பொய்யான தாள் கொடுத்து மாட்டினா ஐந்து வருசத்துக்கு உள்ளேயே விடமாட்டான். ரெண்டாவது வழியில, எல்.எம்.ஐ.ஏ. கட்டணம் 1,000 டாலர், அதைக் கட்ட வேண்டியது முதலாளி. தொழிலாளிகிட்ட வாங்கினாலே குற்றம். இதெல்லாம் தெரிஞ்சும் சிலர் வாங்கினதுக்குக் காரணம், வேலை ஆஃபர் இருந்தா எக்ஸ்பிரஸ் என்ட்ரியில (புள்ளி பார்த்து பி.ஆர்.க்கு ஆளை அழைக்கிற கனடா முறை) 50 புள்ளி கூடுதலாக் கிடைச்சது. 2025 மார்ச் 25ஆம் தேதி அந்தப் புள்ளியையும் எடுத்துட்டாங்க. 25 லட்சத்துக்கு இப்ப விக்கிறது காலி டப்பா.

பிஆர்_கிங்_வேர்ல்டு
அனுபவம் தேவையில்லை, ஐ.இ.எல்.டி.எஸ். தேவையில்லை, 100 சதவீத உத்தரவாதம், இன்பாக்ஸ்ல வாங்க ப்ரோ
*[நெறியாளர்: இந்தக் கணக்கு நீக்கப்பட்டது. இந்த மாதத்தில் ஏழாவது.]*

ஸ்காபரோ அக்கா
தம்பி, நான் இஞ்ச வந்து முப்பது வருசத்துக்கு மேல. மாசத்துக்கு ஒருக்கா ஊரில இருந்து ஆரும் எடுத்துக் கேப்பினம், ‘அக்கா, தம்பிக்காரனை ஸ்பொன்சர் பண்ணேலாதோ’ எண்டு. ஏலாது. கனடாவில கூடப்பிறந்த ஆக்களைக் கூப்பிடச் சாதாரணமா இடமில்லை. தாய் தேப்பன் இல்லாத, பதினெட்டு வயசு நிரம்பாத பிள்ளை, இப்பிடி ரெண்டொரு விதிவிலக்குத்தான். ஆனா அண்ணனோ அக்காவோ இஞ்ச இருந்தால் பொயின்ற்ஸ் கொஞ்சம் கூடும், அதை விடாதேங்கோ.

நான் சொல்ல வந்தது வேற. இப்ப உமக்கு ஆராவது ‘கலியாணம் கட்டி எடுக்கிறம், காசு இவ்வளவு’ எண்டு வருவினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளையின்ர இன்டர்வியூவில ஒபிசர் கலியாணப் படத்தைத் தூக்கிக் காட்டி, ‘மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் நிக்கிறது ஆர்?’ எண்டு கேட்டிருக்கிறார். அது மாப்பிள்ளையின்ர சொந்தத் தமக்கை. பிள்ளைக்குத் தெரியேல்லை. அதோட ஃபைல் முடிஞ்சுது. கட்டினவரும் மூண்டு வருசத்துக்கு உம்மட செலவுக்குப் பொறுப்பெண்டு எழுத்தில குடுக்கவேணும், விளையாட்டில்லை.

இன்னொண்டு. விசிற்றர் விசாவில வந்திறங்கி அசைலம், அதாவது அகதி எண்டு, அடிக்கச் சொல்லிச் சொல்லுவினம். 83 கலவரத்துக்குப் பிறகு எங்கட சனம் வந்தது உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு. அது வேலை தேடி வாறவைக்கான வாசல் இல்லை. அதில நிண்டால் உண்மையாத் தேவைப்படுகிறவனுக்கும் கெடுதல்தான்.

நைட் ஷிப்ட்
அண்ணே, எல்லாரும் கனடாவையே பிடிச்சுத் தொங்குதாக. நான் அனுபவம்ங்கற வார்த்தையே இல்லாம வந்தவ. தென்காசிப் பக்கம் ஊர், பி.எஸ்சி. விலங்கியல். ரெண்டு வருசம் வீட்டுல சும்மா இருந்தேன். இப்ப ஜெர்மனில தூரிங்கன் மாநிலத்துல ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரில நர்சிங் அவுஸ்பில்டுங், ரெண்டாவது வருசம்.

அவுஸ்பில்டுங்னா வேலையோட சேந்த தொழிற்பயிற்சி. நர்சிங்குக்கு மூணு வருசம், 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் வார்டு. ஃபீஸ் கிடையாது, அவுகதான் நமக்குத் தருவாக. பொதுத்துறை ஊதிய ஒப்பந்தம் இருக்குற ஆஸ்பத்திரின்னா முதல் வருசமே மாசம் 1,340 யூரோவுக்கு மேல. பிடித்தமெல்லாம் போக எனக்கு ஆயிரத்துச் சொச்சம் நிக்குது, அதுல 320 ஹாஸ்டல் வாடகை. அரிசிக்கு மாசம் ஒருக்கா எர்ஃபர்ட் போய்ட்டு வருவேன்.

மூணு வருசம் முடிச்சுப் பரீட்சை பாஸ் ஆனா, ஜெர்மனிலயே படிச்ச தொழிலாளி ஆயிருவோம். அதுக்கப்புறம் அந்தத் தொழில்ல ரெண்டு வருசம் வேலை, 24 மாசம் பென்ஷன் பிடித்தம், பி1 ஜெர்மன் (மொழில ஏ1லேர்ந்து எண்ணுற படில மூணாவது, அதுக்கு மேல பி2), ‘லீபன் இன் டாய்ச்லாண்ட்’னு ஒரு பொது அறிவுப் பரீட்சை. இதெல்லாம் இருந்தா நிரந்தர வசிப்புக்குப் போடலாம். மொத்தம் ஐந்து வருசக் கணக்கு. குறுக்கு வழின்னு யாராவது சொன்னா நம்பாதீக. இது நெடுவழி, ஆனா வழில குழி கம்மி.

கஷ்டம் மொழிதான். சென்னைல ரூம் எடுத்துத் தங்கிப் படிச்சு, பி1 வாங்க எனக்கு 11 மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் நர்சிங்குக்குப் பி2 கேட்டாக. சர்ட்டிபிகேட்டை வாங்கிட்டு வந்தா இங்க பாட்டிமார் பேசுறது வேற ஜெர்மன். முதல் வாரம் வார்டு அக்கா, ‘நாளைக்கு ஊபர்காபே ஃபியெர்டல் டிராய்’ன்னா. ஊபர்காபேன்னா ஷிப்ட் மாத்தும்போது நோயாளி விவரம் கை மாத்துறது. ஃபியெர்டல்னா கால், டிராய்னா மூணு. மூணே காலுக்குப் போய் நின்னேன். வார்டே என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. இந்தப் பக்கம் அப்படிச் சொன்னா ரெண்டே காலாம்! மூணாவது மணியில கால் பங்கு போயிருக்குன்னு அர்த்தம். அதே மாதிரி ‘முக்கால் மூணு’ன்னா ரெண்டே முக்கால். புத்தகத்துல இது இல்ல. அன்னைலேர்ந்து யார் நேரம் சொன்னாலும் கடிகாரத்தைக் காட்டச் சொல்லித்தான் கேக்கேன்.

இன்னொண்ணையும் ஒளிக்காமச் சொல்லுதேன். நர்சிங்ல முதல் ஆறு மாசம் தகுதிகாண் காலம். அதுல அவுகளுக்குப் பிடிக்கலைன்னா ஒப்பந்தத்தை முறிக்கலாம். எங்கூட வந்தவள்ல ஒருத்திக்கு அது நடந்துச்சு. முதுகு வலி, மலம் மூத்திரம் அள்ளுறது, எல்லாம் இருக்கு. ‘நர்ஸ்’ங்கற பேரை மட்டும் பார்த்து வரப்புடாது.

தாராபுரத்தான்
தங்கச்சி, இதுக்கு ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டினீங்க?

நைட் ஷிப்ட்
வாய்ல வயித்துல அடிச்சுக்கிடுதேன் அண்ணே. மூணரை லட்சம். ‘கான்ட்ராக்ட் வாங்கித் தாறோம்’னாக. இங்க வந்தப்புறம்தான் தெரிஞ்சது, அந்த ஆஸ்பத்திரி தன்னோட வலைத்தளத்துலயே வெளிநாட்டு ஆளு விண்ணப்பிக்கலாம்னு போட்டு வச்சிருக்கு. ஒரு மின்னஞ்சல் செலவு. ஜெர்மன் அரசே நடத்துற ‘மேக் இட் இன் ஜெர்மனி’ தளத்துலயும் பயிற்சி இடங்க வருது. என்கூட இருக்குற கேரளத்துப் புள்ளைக ரெண்டு பேரு தாங்களா எழுதி வந்தவுகதான்.

சென்னை கிண்டில நம்ம அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கு, அங்கயும் ஒரு தடவை விசாரிங்க. தனியார் ஏஜென்ட்னா வெளியுறவுத் துறைல பதிவு எண் இருக்கான்னு இ-மைக்ரேட் தளத்துல பார்த்துட்டுப் பணத்தைத் தொடுங்க. பதிவு பண்ணவுகளே வேலைக்கு அனுப்ப 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

குளிர்காலக் காகம்
மாங்க்டன்லேர்ந்து எழுதறேன், நியூ பிரன்ஸ்விக். மூணாவது வழி, அதாவது படிக்கப் போறது, நான் போனது. என் விஷயத்துல பலிச்சது. இன்னிக்கு யாருக்கும் சொல்லமாட்டேன்.

அட்லாண்டிக் கனடாவோட நாலு மாகாணங்களுக்குத் தனியா ஒரு குடியேற்றத் திட்டம் இருக்கு. 2017ல சோதனையா வந்து 2022ல நிரந்தரமாச்சு. எக்ஸ்பிரஸ் என்ட்ரி டீர் 0லேர்ந்து 3 வரைக்கும்தான் பார்க்கும், இது டீர் 4 வரைக்கும் எடுத்துக்கும். சாதாரணமா 1,560 மணி நேர அனுபவம் கேட்கும். ஆனா அங்கேயே ரெண்டு வருசப் படிப்பு முடிச்சு, முடிக்கறதுக்கு முந்தின ரெண்டு வருசத்துல 16 மாசமாவது அங்க குடியிருந்திருந்தா அனுபவமே வேண்டாம். அரசாங்கம் அங்கீகரிச்ச முதலாளிகிட்டேர்ந்து வேலை ஆஃபர் மட்டும் வேணும். இந்த ஓட்டைலதான் நான் நுழைஞ்சேன்.

படிக்கும்போது காபிக் கடைல கவுன்ட்டர். அது டீர் 5, எந்த மூலைக்கும் உதவாது. படிப்பு முடியற சமயம் முதலாளியம்மா ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்கினா. அது டீர் 2. அதே ஏப்ரன், அதே நாலரை மணி அலாரம், மணிக்கு ஒண்ணரை டாலர்தான் கூட. ஆனா பேப்பர்ல நான் வேற மனுஷன்.

இப்ப ஏன் வேண்டாம்ங்கறேன்? என் காலத்துல வங்கில 10,000 டாலர் காட்டினாப் போதும். 2024 ஜனவரில 20,635 ஆச்சு, 2025 செப்டம்பர்லேர்ந்து 22,895. ஃபீஸ் தனி. 2024லேர்ந்து மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு. 2024 நவம்பர் 1லேர்ந்து விண்ணப்பிச்சவன் காலேஜ் டிப்ளமோ படிச்சா, பட்டியல்ல இருக்கற துறையா இருந்தாத்தான் படிப்புக்குப் பிந்தின வேலை அனுமதி. மாகாணங்கள் நியமிக்கற பி.ஆர். இடத்தை 2025ல 1,10,000லேர்ந்து 55,000ஆ வெட்டினாங்க. கடன் வாங்கி வந்து ‘ஜெனரல் பிசினஸ்’ படிச்சிட்டு, அனுமதி முடியற தேதியை எண்ணிக்கிட்டு இருக்கற பசங்க என் வீட்டு பேஸ்மென்ட்லயே ரெண்டு பேர். ஒருத்தன் ராத்திரி போன்ல அம்மாகிட்ட ‘எல்லாம் நல்லா இருக்கு’ன்னு சொல்றது மேல கேட்கும்.

மடிப்பாக்கம் ராஜா
யூ.கே. கேர் விசா சுலபம்னு கேள்விப்பட்டேனே? வீட்டுப் பராமரிப்பு, முதியோர் இல்லம்...

குளிர்காலக் காகம்
சார், அது 2025 ஜூலை 22ஆம் தேதி வெளிநாட்டு ஆளெடுப்புக்கு மூடியாச்சு. கனடாவோட வீட்டுப் பராமரிப்புத் திட்டமும் 2025 மார்ச் 31 திறந்து, இடமெல்லாம் உடனே நிரம்பிப் போச்சு. இந்த ரெண்டு திட்டத்தையும் வச்சு இன்னும் விளம்பரம் பண்ணறான் பாருங்க, அவன்தான் பிழைக்கத் தெரிஞ்சவன்.

வேப்பமரத்தடி
ரெண்டு ஏக்கர், கிணத்துல தண்ணி. இதை விட்டுட்டு எங்க போகணும்? கேக்கறேன், அவ்வளவுதான்.

தாராபுரத்தான்
தேங்காய் விலை நல்லா இருக்கற வருசம் நானும் அதைத்தான் நினைப்பேனுங்க. நல்லா இல்லாத வருசம் இருக்குதுங்களே.

கணக்குப்பிள்ளை அண்ணா, கேட்டது இதோ. 340 பேர் வேலை செய்யற யூனிட். தினம் வருகைப் பதிவு எடுத்து, லீவு, ஓவர்டைம், ஷிப்ட் எல்லாம் சரிபார்த்து சிஸ்டத்துல ஏத்தணும். வாரக்கூலி ஆளுகளுக்குச் சனிக்கிழமை சம்பளம் கணக்குப் போட்டுத் தரணும். மாசச் சம்பளக்காரங்களுக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போட்டு, சலான் தயார் பண்ணி, பே ஸ்லிப் எடுக்கணும். ‘என் ஓ.டி. ரெண்டு மணி நேரம் குறையுது’ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு ரிஜிஸ்டரைத் திறந்து காட்டறதும் நான்தான். எனக்குச் சம்பளம் பேங்க்ல வருது, பி.எஃப். இருக்கு.

கணக்குப்பிள்ளை
சிரிச்சுட்டேன் தம்பி, கோவிச்சுக்காதீங்க. இதுக்கு என்.ஓ.சி.யில பேரே இருக்கு. 13102, பேரோல் அட்மினிஸ்ட்ரேட்டர். டீர் 3. உங்க பயோடேட்டாவுல ‘டைம் ஆபீஸ் அசிஸ்டென்ட்’னு இருந்திருக்கும். அதைப் பார்த்துட்டு அந்த ஆள் முட்டை போட்டுட்டார். வாரம் 30 மணி நேரம் வீதம் ஒரு வருசம் தொடர்ச்சியாச் செஞ்சாப் போதும், நீங்க 14 மாசம் ஆச்சு. மூணு லட்சத்துக்கு விலை பேசின சரக்கு உங்க மேசை டிராயர்லயே கிடக்கு.

இனி கசப்பு. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர்ங்கிற பிரிவுக்கு நூத்துக்கு 67 வேணும். வயசுக்கு 12. பட்டத்துக்கு 21. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில லிசனிங் 8, மத்த மூணும் 7 எடுத்தீங்கன்னு வச்சா 24. ஒரு வருச அனுபவத்துக்கு 9. கூட்டுங்க.

தாராபுரத்தான்
66.

கணக்குப்பிள்ளை
ஆமா, 66. இந்த ஒரு மார்க்குல நிக்கிறவங்க ஊர்ல பாதிப் பேர். ஸ்காபரோ அக்கா சொன்ன மாதிரி அண்ணனோ அக்காவோ அங்க இருந்தா 5 கிடைக்கும், உங்களுக்கு இல்லை. அதே வேலையில ரெண்டு வருசம் நிறைஞ்சா 9க்குப் பதிலா 11, ஆக 68. இன்னும் பத்து மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓ.டி. சண்டையைத் தீர்த்து வைங்க.

ஆனா 67 வாசல் டிக்கெட்தான். உள்ளே ஆளை வரிசைப்படுத்த சி.ஆர்.எஸ்.னு இன்னொரு கணக்கு, அதுல உங்களுக்கு 404 வருது (வயசு 110, படிப்பு 120, ஆங்கிலம் 124, ஆங்கிலத்தோட படிப்பும் அனுபவமும் சேர்ந்து தர்றது 50). எந்த வகைப் பிரிவும் இல்லாத பொதுக் குலுக்கல் (அதிகப் புள்ளிக்காரங்களை அழைக்கிற சுற்று) கடைசியா நடந்தது 2024 ஏப்ரல்ல, அப்ப வெட்டு (கட்-ஆஃப்) 529. 404ஐ வச்சுக்கிட்டு நின்னா வயசுதான் ஏறும்.

ஏறக்கூடிய ஒரே ஏணி பிரெஞ்சு. டி.இ.எஃப். இல்லைன்னா டி.சி.எஃப். பரீட்சையில நாலு பகுதியிலும் ஏழாம் நிலை வந்தா, 404ஓட 50ம் 12ம் சேர்ந்து 466. பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குத் தனிக் குலுக்கல் நடக்குது. 2025ல அந்த வெட்டு 379லேர்ந்து 481 வரை ஆடுச்சு. 466ஐ வச்சிருந்தவன் அந்த வருசம் பெரும்பாலான குலுக்கல்ல உள்ளே போயிருப்பான். வாசல் டிக்கெட்டுக்கும் பிரெஞ்சு 4 மார்க் சேர்த்துடும். ஒண்ணை மறக்காதீங்க. பிரெஞ்சு தெரிஞ்சாலும் அந்த ஒரு வருசத் திறன் அனுபவம் இல்லைன்னா ஃபெடரல் கதவு திறக்காது. ‘பிரெஞ்சு போதும், அனுபவம் வேண்டாம்’னு கோச்சிங் சென்டர்ல சொல்றது பாதி உண்மை.

ஏழாம் நிலைக்கு ஒரு வருசத்துக்குக் கம்மியா ஆகும்னு யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அந்தத் தங்கச்சி பி1க்கே 11 மாசம் படிச்சது, அதுவும் வேலையில்லாம. நீங்க வேலையோட படிக்கணும்.

மடிப்பாக்கம் ராஜா
ஆஸ்திரேலியா? என் பையனுக்குக் கேக்கறேன், பி.இ. சிவில், அனுபவம் இல்லை.

கணக்குப்பிள்ளை
சார், அங்க அனுபவம் கட்டாயம் இல்லை. புள்ளி 65 எட்டணும், தொழில் பட்டியல்ல இருக்கணும், ஸ்கில் அசெஸ்மென்ட் பாஸ் ஆகணும். இன்ஜினீயர்களுக்குப் பட்டத்தை வச்சே அசெஸ்மென்ட் உண்டு. ஆனா 65ங்கிறது விண்ணப்பிக்கத்தான், அழைப்பு வர அதுக்கு ரொம்ப மேல போகணும். தனி இழை போடுங்க, இங்க குழம்பிடும்.

நைட் ஷிப்ட்
அண்ணே, சென்னைக்கு வந்தா நுங்கம்பாக்கத்துல பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேசும் இருக்கு, ஜெர்மனுக்குக் கெதேயும் இருக்கு. ரெண்டுலயும் ஒரு நாள் டெமோ வகுப்புல உக்காந்து பாருங்க. எந்த மொழில நாக்கு சுத்துதுன்னு அப்பவே தெரிஞ்சிரும். எனக்குப் பிரெஞ்சு மூக்குல வரவே மாட்டேன்னுட்டு.

தாராபுரத்தான்
ஒரு வாரம் கழிச்சு வர்றேன். அப்பாகிட்ட 66 கதையைச் சொன்னேன். ‘ஒரு மார்க்குக்கா தோட்டம்?’னு கேட்டுட்டு மோட்டார் போடப் போயிட்டார். தோட்டப் பேச்சு இப்போதைக்கு இல்லைங்க.

ஆன்லைன்ல பிரெஞ்சு ஏ1 சேர்ந்துட்டேன், ராத்திரி எட்டரைக்கு. நேத்து எண்கள். எழுபதுக்கு ‘அறுபத்துப் பத்து’ங்கறாங்க, தொண்ணூறுக்கு ‘நாலு இருபது பத்து’ங்கறாங்க. சம்பளக் கணக்குப் போடற எனக்கே தலை சுத்துது.

ஹெச்.ஆர். மேடத்துகிட்ட லெட்டர் கேட்டேன். ‘பேங்க் லோனுக்கா?’ன்னாங்க, ஆமாம்னு தலையாட்டிட்டேன். லெட்டர்ஹெட்ல பதவி, சேர்ந்த தேதி, சம்பளம், தினசரி வேலைகள், வார மணி நேரம் எல்லாம் எழுதித் தர ஒத்துக்கிட்டாங்க. ஒரு சந்தேகம். நாங்க வாரம் 54 மணி நேரம் உக்காந்திருக்கோம். 30ன்னு போட்டாப் போதுமா, இல்ல 54ஏ போட்டா புள்ளி ஏதும் கூடுமா?

கணக்குப்பிள்ளை
30க்கு மேல எத்தனை இருந்தாலும் புள்ளி ஏறாது. ஆனா எத்தனை மணி உக்காந்தீங்களோ அதையே போடச் சொல்லுங்க. அப்புறம் நாளைக்கே மேடத்துகிட்ட லோனுக்கு இல்லைன்னு சொல்லிடுங்க. கனடாவிலேர்ந்து அவங்களுக்குத்தான் போன் வரும்.